படத்துக்குக் கீழே இருந்த வரி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி மேடைக்கு வலப்பக்கம், ஒரு படம் மாட்டியிருக்கும். காக்கிச் சட்டையும் மடிப்புத் தொப்பியும் போட்ட ஒரு இளைஞர். படத்துக்குக் கீழே வெள்ளை பெயிண்டில் ஒரு வரி: ‘இம்பால் போர்முனையில் வீரமரணம் – 1944’. தாத்தாவின் தம்பி. எங்களுக்குச் சின்னத்தாத்தா. இம்பால் என்பது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் போரிட்ட, பர்மா எல்லைப் பக்கத்து இந்திய ஊர்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் அவரைப் பற்றித்தான் பேசினேன். குண்டு அவர் நெஞ்சில் பாய்ந்தது, முதுகில் இல்லை என்று நானே ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று பத்து, பதினொரு வயதிலேயே தோன்றியிருக்கிறது.

1997-ல் ஒருநாள் பாட்டி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, காம்பு ஒதுக்கிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டேன். “பாட்டி, சின்னத்தாத்தாவை நீங்க பாத்திருக்கீங்கள்ல? படத்துல இருக்க மாதிரியே இருப்பாரா?”

பாட்டி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது ஒங்க தாத்தா மொகம்டி. அவன் ஏது போட்டோ எடுத்தான்? ஒங்க அப்பன் தாத்தா போட்டோவக் குடுத்து, நேதாஜி தொப்பிய மாட்டி வரையச் சொன்னான். காது மட்டும் எப்படியோ அவன் காது மாதிரியே அமைஞ்சிருச்சு.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “அவன் எங்கடி இம்பால் போனான்? ரயிலே ஏறலை.”

அன்று மாலை வரை பேசினார். பாட்டி 2006-ல் போய்ச் சேர்ந்தார். அன்று கேட்காமல் விட்டிருந்தால் இந்தக் கதை அவரோடு போயிருக்கும்.

காஜாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். மாமியார் இல்லாத வீடு. கொழுந்தனுக்குச் சோறு போட்டு, எண்ணெய் தேய்த்து, அடித்து வளர்த்ததெல்லாம் பாட்டிதான். பாட்டி கல்யாணமாகி வரும்போது அவருக்கே பதினெட்டு வயது, கொழுந்தனுக்குப் பதினான்கு. “பிள்ளைப் பெறுறதுக்கு முன்னாடியே ஒரு பிள்ளை” என்பார்.

1942 ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த மாதம் 15-ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தது. துரைமார்கள் ஓடிவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை, தோட்டத்தில் சம்பளமும் இல்லை. அரிசி முதலில் அளந்து கொடுத்தார்கள், அப்புறம் அதுவும் இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. உடுத்தத் துணி கிடையாமல் சாக்கைத் தைத்துக் கட்டியவர்கள் உண்டு. இதெல்லாம் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் எல்லாரும் கேட்டிருப்பார்கள். ‘சப்பான் காலம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரியவர்கள் தட்டில் சோறு மிச்சம் வைக்க விடமாட்டார்கள்.

1943-ல் தாத்தாவை ரயில் பாதை போடுவதற்காக ஜப்பானியர் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். லாரி வந்தது, பெயரைப் படித்தார்கள், ஏற்றினார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதைப் போட்டு முடித்த ஆசியத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 90,000 பேர் இறந்துபோனார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் பெருந்தொகை. தாத்தா பிழைத்து வந்தவர். ஆனால் 1943 கடைசியில் அது யாருக்குத் தெரியும்? பாட்டி கையில் ஒரு வயதுப் பிள்ளையாக என் அப்பா. வீட்டில் ஆம்பிளை என்று மிச்சம் இருந்தது அந்தக் கொழுந்தன் மட்டும்தான். அடுத்த லாரிக்கு அவன் பெயர் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் நேதாஜி. 1943 ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூர் வந்து இறங்கினார். 4-ஆம் தேதி இந்திய சுதந்திர லீக்கின் தலைமை, 5-ஆம் தேதி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பு, ‘டில்லி சலோ’. அக்டோபர் 21-ஆம் தேதி சிங்கப்பூர் கத்தே கட்டடத்தில் ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூரில் அவர் பேசிய கூட்டத்தில் பதினெட்டு வயது ஜானகி தேவர் போட்டிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக நாடாளுமன்ற மேலவை வரை போனவர் அவர்தான். வசதியான வீட்டுப் பெண். எங்கள் சின்னத்தாத்தாவுக்கும் அப்போது ஏறக்குறைய அதே வயது. கழற்றிக் கொடுக்க அவரிடம் நகை இல்லை.

சயாம் லாரிக்குப் பயந்து படையில் சேர்ந்தாரா, நாட்டுக்காகச் சேர்ந்தாரா? பாட்டியிடம் இதைக் கேட்டேன். படையில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப்போக மாட்டார்கள், சாப்பாடும் கிடைக்கும் என்று தோட்டத்தில் பேச்சு இருந்தது உண்மைதான். அதற்காகவே சேர்ந்தவர்கள் நிறைய. பாட்டி சொன்ன பதில்: “ரெண்டுந்தான். முன்னாடி கிராணி வந்தாலே சைக்கிள விட்டு எறங்கி நிக்கிறவன். லீக்குல சேந்த மறுநா, எறங்காமப் போனான்.”

எனக்கு இந்த ஒரு விஷயம் போதும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் கங்காணி முன்னால் சைக்கிளை விட்டு இறங்குவது என்ன என்று அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்திருந்தாலும் சரி, அந்த மனிதர் அன்று நிமிர்ந்து போயிருக்கிறார்.

கோலாலம்பூரில் முகாம். கட்டையில் செய்த துப்பாக்கியை வைத்துப் பயிற்சி என்று பாட்டி சொன்னார். நடுவில் ஒருமுறை தோட்டத்துக்கு வந்திருக்கிறார். முகாமில் கொடுத்த அரிசியில் கொஞ்சம் துணியில் முடிந்து, அண்ணிக்குக் கொண்டுவந்தார். பாட்டி அதைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பிள்ளைக்கு ஊட்டினார். “ஒங்க அப்பன் மொத மொதல்ல அரிசிக் கஞ்சி குடிச்சது அவன் கொண்டாந்ததுல.”

அதுதான் அவரை நல்லபடியாகப் பார்த்த கடைசி.

மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா, அவருக்குப் புதிதில்லை. எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் புதிதில்லை. ரப்பர் நடுவதற்காகக் குன்றுகளில் காட்டை வெட்டியபோது, நிழலில் ஓடிக்கொண்டிருந்த ஓடைகளில் வெயில் விழுந்தது. மலாயாவின் மலைப்பகுதிகளில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் கொசு வெயில் படும் சுத்தமான ஓடைநீரில்தான் முட்டையிடும். ரப்பரோடு கொசுவையும் சேர்த்தே நட்டார்கள். அப்புறம் அவர்களே அதற்கு வழியும் தேடினார்கள். மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானில் 1901-லிருந்து வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். தோட்டங்களில் ஓடைக்கு எண்ணெய் தெளித்தார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், ஆளுக்கு ஒரு மிடறு கொய்னாத் தண்ணி, மலேரியாவுக்கான மருந்து. அந்தக் கசப்பைப் பாட்டி சாகும்வரை மறக்கவில்லை. பாகற்காய் சாப்பிடும்போதெல்லாம் “இதென்ன கசப்பு” என்பார்.

சப்பான் காலத்தில் இது எல்லாம் நின்றுபோனது. வாய்க்காலைத் தூர்வார ஆளில்லை, தெளிக்க எண்ணெய் இல்லை. கொய்னாவும் இல்லை. இதில் ஒரு கொடுமை உண்டு. போருக்கு முன்னால் உலகத்தின் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ஜாவாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சிலேயே ஜாவா ஜப்பானியர் கைக்கு வந்துவிட்டது. உலகத்து மருந்தில் பெரும்பங்கு அவர்கள் வசம். இருந்தும் காஜாங்கில் ஒரு மாத்திரை கிடைக்கவில்லை.

1944, மாசி முடிந்து பங்குனி. முகாமிலிருந்து வந்த ஒரு பையன் சொன்னான்: “அவனுக்குக் குளிர்க்காய்ச்சல் அக்கா, பெனாத்துறான்.” பாட்டி அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிட்டார். ஒரு தூக்குச்சட்டியில் கிழங்குக் கஞ்சி, இன்னொரு போத்தலில் நிலவேம்புக் கஷாயம். ஏறக்குறைய பதினைந்து மைல். பாதி தூரம் ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். மீதி நடைதான்.

அத்தாப்பு ஓலைக் கொட்டகை. தரையில் வரிசையாகப் பாய். இருபது பேராவது படுத்திருந்தார்கள் என்றார் பாட்டி. ஒருவர்கூடக் காயம்பட்டவர் இல்லை. சிலருக்குக் காய்ச்சல், சிலருக்கு வயிற்றுப்போக்கு. போருக்குப் போகாத இருபது பேர். கொழுந்தனை அடையாளம் தெரியாமல் முதலில் தாண்டிப் போய்விட்டார். திரும்பி வரும்போது காதைப் பார்த்துத்தான் நின்றார்.

காய்ச்சல் மூளைக்கு ஏறியிருந்தது. கண் திறந்திருக்கும், ஆளைத் தெரியாது. கஷாயத்தைத் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்திருக்கிறார். சாயங்காலம் ஒருமுறை தெளிந்தது.

“அண்ணி.”

“என்னய்யா?”

“ரயில் போயிருச்சா?”

அவர் கூட்டத்து ஆட்கள் இரண்டு நாள் முன்பே வடக்கே போய்விட்டிருந்தார்கள். பாட்டிக்கு அது தெரியாது. எந்த ரயில் என்றே தெரியாது. ஆனால் “போகலைய்யா, நிக்குது” என்று சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “வேற என்னத்தடி சொல்லுவேன்?” என்றார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் கீரையை வெறுமனே கிளறிக்கொண்டிருந்தார்.

அந்த ரயில் எங்கே போயிருக்கும் என்று நான் பின்னாளில் யோசித்திருக்கிறேன். தேசிய ராணுவத்தின் படைகள் மலாயாவிலிருந்து பர்மா போனபோது, அந்தச் சயாம் பாதை வழியாகவும் போயின. ஏறியிருந்தால், அண்ணன் கல் சுமந்து போட்ட தண்டவாளத்தின் மேல் தம்பி போயிருப்பார். இருவருக்கும் அது தெரிந்திருக்காது.

மறுநாள் விடியற்காலை உயிர் போனது. நான்கு பேர் வந்து நின்று சல்யூட் வைத்தார்கள். உடம்பின் மேல் கொடி போர்த்தினார்கள்; மூவர்ணம், நடுவில் ராட்டை. தூக்கிக்கொண்டு போய் விறகில் வைக்கும்போது ஒருவர் அந்தக் கொடியை எடுத்து, உதறி, நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பாட்டிக்கு அப்போது கோபம் வந்ததாம். பிறகு கொட்டகையில் இருந்த மற்ற பாய்கள் நினைவுக்கு வந்ததாம். “அடுத்தவனுக்கும் வேணுமில்ல.”

இத்தனைக்கும் சாட்சியாக என் அப்பாவும் அங்கே இருந்திருக்கிறார். பாட்டியின் இடுப்பில், இரண்டு வயதில்.

அப்புறம் எப்படி இம்பால் வந்தது? அது தாத்தாவிடமிருந்து தொடங்கியது. 1945 கடைசியில் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய தாத்தாவிடம், தோட்டத்துக் கள்ளுக்கடையில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: “ஒன் தம்பி சண்டையில செத்தானா, பாயில செத்தானா?” தாத்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். “சண்டையில.” கேட்டவருக்கு இம்பால் என்ற பெயர் தெரிந்திருந்தது, அவரே சேர்த்துக்கொண்டார். அப்பா வளர்ந்து, ரயில்வேயில் வேலை கிடைத்து, செந்தூலில் வீடு பார்த்து வந்தபிறகு, அந்தப் பதிலைப் படமாக வரைந்து மாட்டினார். பாட்டி மறுத்துச் சொல்லவே இல்லை.

ஆரம்பத்தில் எனக்குக் கோபம்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. ஆத்திரம் அடங்கியது எங்கே என்றால், புறநானூற்றில். ஔவையார் அதியமானைப் பாடிய பாட்டு ஒன்றில், போரில் சாகாமல் நோயில் செத்த அரசர்களுக்கு என்ன செய்வார்கள் என்று வருகிறது. உடலைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, ‘போரில் விழுந்த மறவர்கள் போகும் இடத்துக்கு நீயும் போ’ என்று சொல்லி, வாளால் கீறி, அதற்கப்புறம்தான் அடக்கம் செய்வார்கள். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தாத்தா கள்ளுக்கடையில் செய்தது அதுதான். அப்பா வெள்ளை பெயிண்டில் எழுத வைத்ததும் அதுதான். நான் ஐந்தாம் வகுப்பில், நெஞ்சில் குண்டு பாய்ந்தது என்று சேர்த்தேனே, அதுவும்தான். மூன்று தலைமுறையும் அந்த மெலிந்த உடம்பை ஆளுக்கு ஒருமுறை கீறியிருக்கிறோம்.

அன்போடு செய்ததுதான். ஆனாலும் அது அந்த மனிதருக்கு நியாயம் இல்லை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இம்பாலுக்கே போனவர்களின் கணக்கைப் பாருங்கள். 1944 மார்ச்சில் தொடங்கி ஜூலையில் கைவிடப்பட்ட அந்தப் படையெடுப்பில், தேசிய ராணுவத்தின் முதல் டிவிஷனிலிருந்து சுமார் 6,000 பேர் முனைக்குப் போனார்கள். சண்டையில் இறந்தவர்கள் சுமார் 400. நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் சுமார் 1,500. முனைக்குப் போனவர்களையும் அதிகம் கொன்றது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான். எதிர்ப்பக்கமும் வேறு மாதிரி இல்லை. பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் எழுதியிருக்கிறார்: 1943-ல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொரு சிப்பாய்க்கும், நோய்வாய்ப்பட்டுப் போனவர்கள் 120 பேர். காய்ச்சலை அடக்காமல் போரை ஜெயிக்க முடியாது என்று புரிந்து, தினமும் மெப்பாக்ரின் என்ற மலேரியா மாத்திரையைக் கண்முன்னால் விழுங்க வைத்தார்கள். கடைசியில் ஜெயித்தவர்களிடம் மாத்திரை இருந்தது. எங்கள் சின்னத்தாத்தாவிடம் ஈரத்துணியில் பிழிந்த நிலவேம்பு இருந்தது.

அப்படியென்றால் அந்தப் போரின் முனை எங்கே இருந்தது? கோலாலம்பூர்க் கொட்டகையில், வரிசையாகப் போட்ட பாய்களிலும் இருந்தது என்றுதான் சொல்வேன்.

சில வருஷங்களுக்கு முன் தைப்பிங் போனபோது, அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். பிரிட்டிஷ் பக்கம் நின்ற சிப்பாய்களின் கற்கள். பெயர், படைப்பிரிவு, தேதி. வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். ஒரு கல்லில்கூட எப்படி இறந்தார் என்று எழுதியிருக்கவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வழக்கம் அது: போர்க்காலத்தில் படைப்பணியில் இருக்கும்போது இறந்தால், குண்டில் போனாலும் காய்ச்சலில் போனாலும் ஒரே அளவுக் கல். அங்கே அந்த வெயிலில் நின்றுகொண்டு சின்னத்தாத்தாவை நினைத்தேன். தோற்ற பக்கத்துச் சிப்பாய்க்குக் கல் கிடையாது. இறந்த வீரர்களுக்காக நேதாஜி சிங்கப்பூரில் 1945 ஜூலை 8-ஆம் தேதி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையும், திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரிலேயே இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு அடையாளக் கல் வைக்க 1995 வரை ஆனது.

அப்பாவிடம் பேச எனக்குப் பல வருஷம் பிடித்தது. பாட்டி சொன்னதை அவரிடம் சொல்லத் துணிவு இல்லை. 2019 ஆடி அமாவாசைக்கு முதல் நாள், தர்ப்பணத்துக்குப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். அப்போது சொல்லிவிட்டேன். ரயில், கொட்டகை, கஷாயம், கொடி எல்லாம். அவருக்கு எழுபத்தேழு வயது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். இடையில் ஒன்றுமே சொல்லவில்லை. முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

“அந்த அரிசிக் கஞ்சி, எனக்கா?”

“ஆமாம்பா.”

எழுந்து போய்ப் படத்தை எடுத்துத் துடைத்தார். அடுத்த வாரம் இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஃபிரேம் கடைக்குப் போனோம். படம் அப்படியே இருக்கட்டும், முகம் அண்ணன் முகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கீழே இருக்கும் வரியை மட்டும் மாற்ற வேண்டும் என்றார் அப்பா. வீட்டிலிருந்தே எழுதிக் கொண்டுவந்த தாளைக் கொடுத்தார். சின்னத்தாத்தாவின் பெயர். ‘சிப்பாய், இந்திய தேசிய ராணுவம். கோலாலம்பூர், பங்குனி 1944.’

கடைப்பையன் தாளைப் பார்த்தான், பழைய வரியையும் பார்த்தான். “அங்கிள், முன்ன வீரமரணம்னு இருக்கே. இதுல எப்படி இறந்தார்னு போடலையே? எடம் இருக்கு.”

அப்பா தாளைத் திரும்ப வாங்கி, மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை என்னிடம் கேட்டு வாங்கினார். பங்குனிக்கு முன்னால், தன் பழைய ரயில்வே கையெழுத்தில், ‘காய்ச்சல்’ என்று எழுதிக் கொடுத்தார்.